ஈ கம்பி ஏன் தொளதொளக்கிறது? பேஸ் கிட்டார் கம்பிகளோடு என் அனுபவம்

"அண்ணை, ஈ கம்பி தொளதொளவென்று கிடக்குது. வேற பேஸ் ஒண்டு வாங்கினால் சரிவருமா?"

பேஸ் கிட்டார் பழகத் தொடங்கிய பொடியன்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். பேஸின் ஜீ, டீ, ஏ, ஈ என்ற நான்கு கம்பிகளில் ஈதான் மிகத் தடிப்பு, சுருதியும் மிகக் கீழே. வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. அதற்கு முதல் கம்பியை மாற்றிப் பாருங்கள், அதையும் கணக்குப் பார்த்து மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். கொழும்பில் நல்ல பேஸ் ஒன்று வாங்கப் பல மாதச் சம்பளத்தைச் சேர்க்கவேண்டும். ஒரு செட் கம்பிக்கு அதில் சிறு பங்குதான் போகும்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். கல்யாண மண்டபங்களில் இசைக்குழு, கொட்டாஞ்சேனையில் ஞாயிறு பூசைக்குப் பாடகர் குழு, இடையிடையே கூட்டாளிமாரோடு பழைய பொப்பிசையும் பைலாவும் என்று நெடுநாளாக பேஸ் வாசித்து வருகிறேன். இவ்வளவு காலத்தில் எனக்கு உறுதியாகப் பிடிபட்டது ஒன்று: வாத்தியத்தின் மேல் நாங்கள் போடுகிற பழியில் முக்கால்வாசி கம்பிக்கும் செட்டிங்குக்கும் போய்ச் சேரவேண்டியது.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குச் சுரமானிப் பரிசோதனை ஞாபகம் இருக்கும். பேஸ் கிட்டாரும் அதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். கம்பியின் இழுவையைத் தீர்மானிப்பவை மூன்றே விஷயங்கள். நட்டிலிருந்து (தலைப்பகுதிப் பக்கம் கம்பியைத் தாங்குகிற துண்டு) பிரிட்ஜ் சாடில் (உடம்புப் பக்கத் தாங்கி) வரை எவ்வளவு நீளம், அந்தக் கம்பி அங்குலத்துக்கு எவ்வளவு பாரம், எந்தச் சுருதிக்கு ஏற்றியிருக்கிறீர்கள். இந்த மூன்றையும் சொல்லிவிட்டால் இழுவை எத்தனை இறாத்தல் என்று கடதாசியில் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். உடம்பு எந்த மரம், பிரிட்ஜ் பித்தளையா, தலைப்பகுதி எவ்வளவு சாய்வு என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. அவை சத்தத்தையும் கைக்குத் தெரிகிற உணர்வையும் மாற்றலாம், இழுவையை மாற்றாது.

கணக்கில் பிடித்துவைக்க வேண்டியது ஒன்றுதான். பாரம் கூடினால் இழுவையும் அதே விகிதத்தில் கூடும். நீளமும் சுருதியும் அப்படியல்ல, வர்க்கமாகக் கூடும். அதனால் நீளத்தில் ஓர் அங்குலம் சின்ன விஷயமாகத் தெரிந்தாலும் கையில் நன்றாகத் தெரியும்.

இலக்கத்தில் சொல்கிறேன். கடைகளில் அதிகம் கிடைப்பது 45-65-80-100 செட். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்த கணக்கு அது. 100 என்றால் ஓர் அங்குலத்தின் பத்தில் ஒரு பங்குத் தடிப்பு. வழமையான 34 அங்குல பேஸில், நிக்கல் பூசிய ரவுண்ட் (வட்டக் கம்பி சுற்றிய) கம்பிகளை வழமையான சுருதிக்கு ஏற்றினால் ஜீ கம்பி ஏறக்குறைய 43 இறாத்தல் இழுக்கும். டீ கம்பி 50 இறாத்தலை ஒட்டி நிற்கும். ஏ நாற்பதைச் சற்றுத் தாண்டும். ஈ கம்பி 36, 37 இறாத்தலோடு நின்றுவிடும். நான்கும் சேர்ந்து 75 கிலோவுக்கு மேற்பட்ட விசையில் கழுத்தை வளைக்கப் பார்க்கின்றன. ஒரு முழு ஆள் எப்போதும் அதில் தொங்கிக்கொண்டிருப்பதுபோல.

இந்த இலக்கங்களை ஒருக்கால் திரும்பப் பாருங்கள். ஒரே செட்டுக்குள் டீ கம்பிதான் மிக விறைப்பு, ஈ கம்பிதான் மிகத் தளர்வு. எனவே "ஈ கம்பி மட்டும் தொளதொளக்கிறது" என்று அந்தப் பொடியன் சொன்னது பிரமை இல்லை. அவனுடைய வலது கை சரியாகத்தான் அளந்திருக்கிறது. பேஸில் ஒரு பிழையும் இல்லை, செட்டே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, 45-65-85-105 செட்டுக்குப் போவது. ஒரே மாதிரிச் செய்யப்பட்ட கம்பிகளில் பாரம் தடிப்பின் வர்க்கத்தைத் தொட்டுப் போகும் என்பதால், 100 இலிருந்து 105 க்கு மாறினால் இழுவை ஏறக்குறைய 10 சதவீதம் கூடிவிடும். மற்றது, நான்கு கம்பியும் ஒரே அளவு இழுக்கும்படி தேர்ந்தெடுத்த செட். கம்பி செய்கிற டடாரியோ நிறுவனத்தின் சமஇழுவை செட் 45-60-80-107 என்று வருகிறது. டீ மெலிந்திருப்பதையும் ஈ தடித்திருப்பதையும் கவனியுங்கள். இதைப் போட்ட அன்று டீ கம்பி எனக்கு வித்தியாசமாகப் பட்டது. விரல் பழைய பலத்தோடு போய் அடித்தது. பழகிய பிறகு பைலாவின் ஆறெட்டுத் தாளத்தில் ஈ கம்பியிலிருந்து டீ கம்பிக்குத் தாவும்போது எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் விழத் தொடங்கியது. பைலா வாசிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும். அந்தத் தாளத்தில் ஒரு சுரம் மெலிந்தாலும் ஆடுகிறவர்களின் கால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கொட்டாஞ்சேனைப் பாடகர் குழுவில் எனக்கு வேறொரு தேவை இருந்தது. காலைப் பூசைக்கு வருகிற மூத்த குரல்களுக்கு மேல் சுரம் எட்டாது. ஆகவே எல்லாரும் அரைச் சுரம் இறக்கி வாசிப்போம். அரைச் சுரம் இறக்கினால் இழுவையில் 11 சதவீதம் போய்விடும். முழுச் சுரம் இறக்கினால் ஐந்தில் ஒரு பங்கு. மேலே சொன்ன 36 இறாத்தல் ஈ கம்பியை அரைச் சுரம் இறக்கிப் பாருங்கள், 32 தான் மிஞ்சும். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டியான ஃப்ரெட்டில் அடிபட்டுக் கடகடக்கும், கொஞ்சம் பலமாகத் தட்டினால் சுருதி முதலில் மேலே போய்ப் பிறகு இறங்கும். 105 போட்டால் இழந்த 11 இல் ஏறக்குறைய முழுவதும் திரும்பி வந்துவிடும். இப்போது பூசைக்குக் கொண்டுபோகிற பேஸில் எப்போதும் 105 தான். சுருதியை நிரந்தரமாக இறக்கி வாசிக்கிற குழுக்கள் இதைக் கட்டாயம் செய்யவேண்டும்.

இனி நீளத்துக்கு வருவோம். 34 அங்குலம் என்ற அளவு 1951 இல் லியோ ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸோடு கொண்டுவந்தது. நின்று வாசிக்கிற டபுள் பேஸ் 40 அங்குலத்தைத் தாண்டும். அதைத் தோளில் மாட்டுகிற அளவுக்குச் சுருக்கியபோது அவர் நின்ற இடம் அது. மற்றவர்கள் வேறு இடங்களில் நின்றார்கள். கிப்சனின் ஈபி வரிசை 30½, ஹோஃப்னரின் வயலின் வடிவ பேஸ் 30 ஐ ஒட்டி, ரிக்கன்பாக்கர் 4001 இல் 33¼. 34 ஐ 30 ஆக்கினால் அதே கம்பி, அதே சுருதியில் 22 சதவீத இழுவை குறையும்.

சின்ன ஸ்கேல் பேஸ், அதாவது நட்டுக்கும் சாடிலுக்கும் இடையில் நீளம் குறைந்த பேஸ், கைக்கு எப்படி இருக்கும் என்று அறியக் கடைக்குப் போகத் தேவையில்லை. உங்கள் 34 அங்குல பேஸை முழுச் சுரம் இறக்குங்கள். ஈ கம்பி டீக்கு வரும். கேப்போவை (கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கவ்வியை) இரண்டாம் ஃப்ரெட்டில் மாட்டுங்கள். இப்போது சுருதி பழையபடி ஈ. கம்பியின் நீளம் 30¼ அங்குலத்துக்குச் சற்று மேல். கேப்போ இல்லாவிட்டால் கூட்டாளி ஒருவரை இரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கச் சொன்னாலும் காணும். அந்த மென்மை உங்களுக்குப் பிடித்தால் சின்ன ஸ்கேலைத் தேடுங்கள். மேல் பக்கமும் இதே மாதிரித்தான். அரைச் சுரம் ஏற்றினால் 36 அங்குல பேஸின் இழுவை வந்துவிடும். சில நிமிடம் வாசித்துவிட்டு உடனே இறக்கிவிடுங்கள். வாத்தியம் வாங்க நினைக்கிற எல்லாருக்கும் நான் முதலில் இதைத்தான் செய்து காட்டுவேன். காசு ஒன்றும் செலவில்லை, கை தானே சொல்லிவிடும்.

சின்ன ஸ்கேல் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எங்கள் குழுத் தங்கச்சி ஒருத்திக்குக் கை சின்னது. 30 அங்குல பேஸ் ஒன்று வாங்கினாள். 34 அங்குலத்துக்கான ஃப்ளாட் (தட்டை நாடா சுற்றிய) செட் ஒன்று வீட்டில் சும்மா கிடந்ததால் அதை மாட்டப் பார்த்தார்கள். நீளம் கூடத்தானே, வெட்டினால் சரி என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் பேஸ் கம்பி முழு நீளமும் ஒரே தடிப்பு இல்லை. நட்டைத் தாண்டியதும் மெலிந்து, பட்டுநூல் சுற்றிய பகுதியாகி, சுருதி சேர்க்கத் திருப்புகிற கீயில் ஏறும். நீளக் கம்பியைச் சின்ன பேஸில் போட்டால் அந்தத் தடித்த பகுதியே கீயில் சுற்றவேண்டி வரும். ஃப்ளாட் கம்பியின் வெளிநாடா அந்த வளைவைத் தாங்காது. அவளுடைய ஏ கம்பியில் நாடா பிளந்து உள்ளே கம்பி தெரிந்தது. சத்தம் செத்துப்போனது. பிறகு சின்ன ஸ்கேலுக்கென்றே செய்த 50-70-85-105 செட் எடுத்தோம். நீளத்தில் இழந்ததில் ஒரு பகுதியைத் தடிப்பு ஈடுசெய்தது. இப்போது அவள் வாசிப்பில் கீழ்ச்சுரங்கள் உருண்டு திரண்டு வருகின்றன. 34 அங்குலத்தில் எனக்கு அந்தத் திரட்சி வருவதில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

ஆகவே கம்பிக்குச் சொல்லிவிடும் முன் அளவு நாடாவை எடுங்கள். கம்பியின் நுனியில் இருக்கிற குண்டு போய் உட்காருகிற இடத்திலிருந்து நட் வரை அளந்து குறித்துவையுங்கள். உடம்பின் பின்பக்கத்தால் கம்பி போகிற பேஸ் என்றால் இந்த நீளம் ஓர் அங்குலத்துக்கு மேல் கூடும். கம்பி செய்கிறவர்கள் முழுத் தடிப்புப் பகுதி எத்தனை அங்குலம் என்று கொடுத்திருப்பார்கள். உங்கள் அளவைவிட அது சற்றுக் கூடவிருக்கவேண்டும். ஆனால் கீயைத் தொடக்கூடாது.

பின்பக்கத்தால் கம்பி போவதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாலே வாக்குவாதம்தான். "உடம்புக்குள்ளால் விட்டால் டென்ஷன் கூடும்" என்று அடித்துச் சொல்கிறவர்கள் எங்கள் மத்தியில் நிறையப்பேர். கொட்டாஞ்சேனையில் வீட்டிலேயே பட்டறை வைத்துக் கிட்டார் திருத்துகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஆதியில் தச்சுவேலை செய்தவர். என் பேஸில் இரண்டு வழியாலும் கம்பி போடலாம். அவரிடம் கொண்டுபோய்க் கேட்டேன். அவர் ஈ கம்பியை மேலால் போட்டு, சுருதி சேர்த்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு தூக்கை மாட்டி, கம்பி எவ்வளவு தாழ்கிறது என்று அடிமட்டத்தால் பார்த்தார். பிறகு அதே கம்பியை உடம்புக்குள்ளால் விட்டுத் திரும்ப அளந்தார். அடிமட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை.

"தம்பி, கம்பிக்குத் தெரியிறது நட்டுக்கும் சாடிலுக்கும் இடையில இருக்கிற நீளம் மட்டுந்தான். அங்கால கிடக்கிறது அதுக்குத் தெரியாது" என்றார்.

அவர் சொன்னது சுருதிக்கும் இழுவைக்கும் முற்றாகச் சரி. ஆனால் கம்பியை வளைத்து இழுக்கும்போது அங்கால் கிடக்கிற நீளமும் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். சாடிலுக்கும் நட்டுக்கும் வெளியே நீளம் கூடினால், அதே சுருதி மாற்றத்துக்குக் கம்பியைக் கூடத் தள்ளவேண்டி வரும். அதாவது கைக்குக் கொஞ்சம் இளக்கமாகப் படும், விறைப்பாக அல்ல. ஊரில் நம்புவதற்கு நேர் எதிர்! சாடிலில் கம்பி மடிகிற கோணம் கூடினால் அங்கே உராய்வும் அழுத்தமும் கூடும். கம்பி சாடிலில் நன்றாக உட்காரும், திறந்த சுரம் தெளிவாகலாம். அந்தத் தெளிவைத்தான் பலர் இழுவை என்று எண்ணுகிறார்கள் என்பது என் கணிப்பு. ஃப்ளாட், நைலோன் நாடா சுற்றிய கம்பிகளை மட்டும் உடம்புக்குள்ளால் விடாதீர்கள். அந்தக் கூரிய மடிப்பில் நாடா விலகிவிடும்.

ஃப்ளாட்டா ரவுண்டா என்பது ரசனை. ஆனால் இழுவைக்கும் அதில் பங்கு உண்டு. ரவுண்ட் கம்பியின் வெளிச்சுற்று வட்டக் கம்பி, இடையிடையே காற்றுக்கு இடம். ஃப்ளாட்டில் தட்டை நாடா நெருக்கமாகச் சுற்றியிருப்பதால் அதே தடிப்புக்குப் பொதுவாகப் பாரம் கூட. டெட்ரோயிட்டில் மோட்டவுண் இசைத்தட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 ப்ரிசிஷனில் போட்டிருந்தது லா பெல்லாவின் 52 இலிருந்து 110 வரையான ஃப்ளாட் செட். அந்தக் கனத்தையும் அவர் ஒற்றைச் சுட்டுவிரலால்தான் வாசித்தார். கம்பி அறுந்தாலொழிய மாற்றமாட்டார். மறுகரையில் தொமாஸ்டிக்கின் ஜாஸ் ஃப்ளாட் இருக்கிறது, 43-56-70-100. ஃப்ளாட் என்றாலே விறைப்பு என்று நம்புகிறவர்கள் அதை ஒருக்கால் தொட்டுப் பார்க்கவேண்டும். அவ்வளவு இளக்கம். ஆகவே பெட்டியில் இருக்கிற 100 என்ற இலக்கம் மட்டும் காணாது. செய்தவர் இழுவையை இறாத்தலிலோ கிலோவிலோ குறித்திருந்தால் அதைப் பாருங்கள்.

உள்ளே இருக்கிற கருக்கம்பியும் முக்கியம். அறுகோணக் கரு என்றால் சுற்று அதன் மூலைகளைக் கவ்விப் பிடிக்கும். கம்பி விறைப்பாக இருக்கும். வட்டக் கரு இளக்கம். வட்டக் கருக் கம்பியை வெட்டும் முன் வெட்டப்போகிற இடத்துக்கு முன்னால் தொண்ணூறு பாகைக்கு மடித்துக்கொள்ளுங்கள். மடிக்காமல் வெட்டினால் சுற்று உள்ளே வழுகி, அந்தக் கம்பி தொடங்கும் முன்னரே செத்துவிடும்.

வெள்ளவத்தையில் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு பேச்சு. மே தொடங்கித் தென்மேல் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் ஜன்னல் கம்பி முதல் கதவுப் பிணைச்சல் வரை எல்லாம் கறள் பிடிக்கும். பேஸ் கம்பி மட்டும் தப்புமா? வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் புது ரவுண்ட் செட்டின் மினுக்கம் கண்முன்னே போகும். சுவரில் தொங்கவிடாதீர்கள், பெட்டிக்குள் வையுங்கள். வாசித்து முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்து. ஃப்ளாட்டில் அழுக்குப் போய் ஒளிக்க இடைவெளி குறைவு. கடற்கரைப் பக்கத்தில் நான் ஃப்ளாட்டை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய கம்பி தளர்ந்துபோனது என்று சொல்கிறார்கள். அதே சுருதிக்கு ஏற்றியிருக்கும்வரை கம்பி தளர முடியாது. அழுக்கின் பாரம் சேர்ந்தால் இழுவை ஒரு துளி கூடத்தான் செய்யும். உண்மையில் கெடுவது சீர்மை. ஓரிடத்தில் கறள், ஓரிடத்தில் அழுக்கு, ஃப்ரெட் பட்ட இடத்தில் தேய்வு. கம்பி முழுவதும் ஒரே பாரமாக இல்லாமல் போனதும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துவராது. சத்தம் மங்கும், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் சுருதி விலகும். சாடிலை எவ்வளவு நகர்த்தியும் சுருதி நிற்காவிட்டால் கம்பியை மாற்றுங்கள்.

2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ஐத் தாண்டிப் போனபோது புதுச் செட் வாங்குவது எங்களில் பலருக்கு முடியாத காரியம். அப்போது பழைய செட்களைக் காப்பாற்றப் பழகினோம். கம்பிகளைத் தளர்வாகச் சுருட்டி, வாயகன்ற ஜாம் போத்தலில் போட்டு, மூழ்கும்வரை மெதிலேற்றட் ஸ்பிரிட் ஊற்றி மூடி ஓர் இரவு வைப்போம். காலையில் பார்த்தால் ஸ்பிரிட் கலங்கிச் சாம்பல் நிறமாகியிருக்கும், அடியில் கறுப்பு மண்டி. எடுத்துத் துடைத்துப் பத்திரிகைத் தாளில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே நன்றாக உலரவிட்டு மாட்டினால் சத்தத்தில் பாதி உயிராவது திரும்பும். நெருப்பு, குப்பி விளக்கு ஒன்றும் கிட்ட இருக்கக்கூடாது. மின்வெட்டு இரவுகளில் இதைச் செய்யவே வேண்டாம். சிலர் தண்ணீரில் அவிப்பார்கள். அழுக்குப் போகும்தான், ஆனால் சுற்றுக்குள் ஈரம் நின்று கொழும்பு வெக்கையில் சீக்கிரம் கறள் கட்டும். கறள் பிடித்த கம்பிக்கு இரண்டுமே உதவாது.

வெக்கை என்றதும் ஏசி மண்டபம் ஞாபகம் வருகிறது. பின்னேர வெயிலில் வான் வண்டியில் வந்த பேஸை நேரே குளிர் மண்டபத்துக்குள் கொண்டுபோனால் கம்பி குளிர்ந்து சுருங்கிச் சுருதி ஏறும். இழுவை குறைந்த செட்களில் இந்த ஏற்றம் இன்னும் கூட. பெட்டியைத் திறந்து, மேடையிலேயே வைத்து, கடைசியாகச் சுருதி சேருங்கள்.

கம்பியின் கனத்தை மாற்றினால் கழுத்தைப் பார்க்காமல் விடக்கூடாது. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாம் எட்டாம் ஃப்ரெட் பக்கத்தில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் எவ்வளவு வெளி என்று பாருங்கள். 0.3 மில்லிமீற்றரை ஒட்டி இருந்தால் நல்லது. கூடவிருந்தால் கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்கிற ட்ரஸ் ரொட்டைக் கால் சுற்று இறுக்கி, வாத்தியத்தைக் கொஞ்ச நேரம் விட்டு, சுருதி சேர்த்துத் திரும்பப் பார்க்கவேண்டும். ஒரேயடியாக இறுக்கினால் ரொட் கெட்டுப்போகும், கழுத்தும் தப்பாது. பலம் கொடுத்தும் திரும்பவில்லை என்றால் விட்டுவிட்டுத் திருத்துகிறவரிடம் கொண்டுபோங்கள். அதன் பிறகுதான் சாடில் உயரம். பதினேழாம் ஃப்ரெட்டில் 2 இலிருந்து 2.4 மில்லிமீற்றர் என்பது நல்ல தொடக்கம். பலமாகத் தட்டுகிறவர் கொஞ்சம் உயர்த்தலாம். நட்டின் பிளவு 100 க்கு வெட்டியதாக இருந்தால் 107 அதில் சிக்கும். கீயைத் திருப்பும்போது 'டிக்' என்று சத்தம் வந்து சுருதி தாவினால் அதுதான் அடையாளம். அரத்தால் மெல்ல அகட்டவேண்டும். அந்தக் கொட்டாஞ்சேனைப் பெரியவர் பென்சில் கரியை நட்டில் தேய்த்து முதலில் பார்ப்பார், அதற்குச் சரிவராவிட்டால் மட்டும் அரத்தைத் தொடுவார்.

ஐந்து கம்பி பேஸ் வாங்கப் போகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு மிகவும் பயன்படும். ஐந்தாவதாக வருகிற, ஈயைவிடவும் கீழான பீ கம்பியின் சுருதி விநாடிக்கு 31 அதிர்வு கூட இல்லை. 34 அங்குலத்தில் 130 தடிப்புக் கம்பி போட்டாலும் 35 இறாத்தலை ஒட்டித்தான் நிற்கும். 35 அங்குல பேஸ் என்றால் 6 சதவீதம் கூடும். 125 ஐ 130 ஆக மாற்றினால் 8 சதவீதம் கூடும். இழுவை மட்டும் போதுமென்றால் நீள பேஸுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, கம்பியைத் தடிப்பித்தால் காணும். ஆனால் தடித்த கருக்கம்பி விறைத்து, கம்பியாக அதிராமல் இரும்புச் சட்டம் மாதிரி நடக்கப் பார்க்கும். மேற்சுரங்கள் சற்றே உயர்ந்து போய் அடிச்சுரம் எது என்று காதுக்குக் குழம்பும். நீளத்தைக் கூட்டும்போது இந்தக் குழப்பம் குறையும். பேஸ் கலைஞர் அன்ரனி ஜாக்சன் தன் ஆறு கம்பி வாத்தியத்துக்கு 36 அங்குலம் வரை போனதும், டிங்வோல் பேஸில் ஃப்ரெட்களை விசிறிபோலச் சாய்த்து பீ கம்பிக்கு 37 அங்குலமும் ஜீ கம்பிக்கு 34 உம் கொடுப்பதும் இதற்காகத்தான். ஒவ்வொரு கம்பிக்கும் அதற்கு வேண்டிய நீளம். எனக்கு இந்த அமைப்பில் மனம் நிறைந்த மரியாதை உண்டு. ஆனாலும் முதல் ஃப்ரெட்டில் இடது கை போகவேண்டிய தூரத்தைக் கடையில் நின்று பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்கவேண்டும்.

கடையில் செய்யவேண்டியது இது. ஆம்ப்ளிஃபையரில் பேஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் நடுவில் வையுங்கள். திறந்த ஈ கம்பியைத் தட்டுங்கள். பிறகு பீ கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டை அழுத்தித் தட்டுங்கள். இரண்டும் ஒரே சுரம். குரலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அந்த பீ கம்பி நல்லது. பீயில் மட்டும் மந்தமாக, எங்கேயோ மூடிய கதவுக்குப் பின்னால் கேட்பதுபோல வந்தால் உடனே பேஸை ஒதுக்காதீர்கள். என்ன தடிப்புக் கம்பி போட்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். தெரியாதென்றால் வேணியர் இடுக்கிமானியால் அளக்கலாம். நான் பையில் கொண்டுபோவேன். 120 போட்டிருந்தால் 130 போட்டுத் திரும்பக் கேட்கவேண்டும். 130 போட்டும் அப்படியே என்றால் வேறு பேஸைப் பாருங்கள்.